நாலு வாஷர்

முன்னால் மூன்று செயின்வீல் வைத்த சைக்கிளில் இரண்டு எப்போதும் சும்மாதான் சுற்றிக்கொண்டிருக்கும், மேடம். விற்கிறவன் இருபத்தேழு கியர் என்பான். வாங்கியவனும் அதை வாய் நிறைய நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான். கொஞ்ச நாள் போனால் நடு வீலை விட்டுச் செயின் நகராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இப்போதெல்லாம் மற்ற இரண்டையும் கழற்றிவிட்டு முன்னால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். எடை குறைகிறது, ஒரு கியர் கம்பி குறைகிறது, ஓட்டுகிறவருக்குக் குழப்பமும் குறைகிறது. என் மனைவியின் சைக்கிளில் நான் செய்தது அந்த வேலைதான். அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சைக்கிளை எடுத்துப்போக வந்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். ஸ்டேஷன் ரைட்டர்கூட ஒரு தாளை நீட்டி, "இக்கட சந்தகம் பெட்டண்டி" என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். சைக்கிள் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் புரியும் என்றீர்கள். அது எனக்கு வசதி. ஆஸ்பத்திரியில் வேலை தெலுங்கில் நடக்கிறது, என் மகள் பாதி இங்கிலீஷில் பேசுகிறாள். மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு இன்னும் தமிழ்தான் தேவைப்படுகிறது.

என் பெயர் மோகன்ராஜ் என்று உங்களுக்குத் தெரியும். ரேகாவின் கணவர் என்று எழுதியிருப்பீர்கள். நகரியில் பவர்லூம் வீட்டில் பிறந்தவன். தறி ஓடுகிற சத்தத்தில்தான் தூங்கினேன், தறி நின்றால்தான் விழித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு இயந்திரத்தில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். இந்தக் காதை வைத்துத்தான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டில், ஸ்ட்ரெச்சர், வீல்சேர் எல்லாம் பழுது பார்த்துப் பிழைக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த சைக்கிள் முதலில் என்னுடையது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குழு சந்திரகிரி வரை ஓட்டிப் போய் வரும். தலைவர் ஹரிபாபு, பல் டாக்டர். நல்ல மனிதர், கொஞ்சம் சத்தமானவர். அந்தக் குழுவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. யாருக்குச் செயின் கழன்றாலும், யாருக்கு பிரேக் உரசினாலும், "மோகன் அண்ணா" என்றுதான் முதலில் கூப்பிடுவார்கள். ரேகா அப்போதெல்லாம் விடியற்காலையில் இட்லி கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பாள். அது போதுமானதாக இருந்தது. இருவருக்கும் போதுமானதாக இருந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். "சும்மாதான நின்னுக்கினு கீது, நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா மாமா?" என்று கேட்டாள். அவள் என் அத்தை மகள், புத்தூர். பள்ளிக்கூட நாளில் அண்ணன்களின் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்தவள். போய் வா என்றேன். சந்திரகிரி போய்த் திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். அடுத்த மாதம் எனக்கு வேறு ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

சமதரையில் எங்களுக்குள் வித்தியாசம் தெரியாது. மேடு வந்தால் அவள் எனக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகிக்கொண்டே போவாள். முதலில் நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் விட்டுக்கொடுக்காமல் ஓட்டிப் பார்த்தேன். அன்றும் அவள் மேலே போய், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். "மெதுவா வா மாமா, அவசரம் இன்னா," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சந்திரகிரி டீக்கடையில் ஒருவர் என்னிடம் வந்து, "மீரு ரேகா காரி ஹஸ்பெண்டா அண்டி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் ஒன்றும் இல்லையே. கை குலுக்கினார், உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். அவர் கிரீம் கலர் சட்டை போட்டிருந்தார், முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருந்தது. அவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, வேறு யாராவது நடுவில், என்று இழுத்தீர்கள். உங்கள் தொழில், கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படி எதுவும் கிடையாது. ரேகா பத்தரைமாற்றுத் தங்கம். ஹரிபாபு அவளை அக்கா என்பார். அந்தக் குழுவில் எந்த ஆண் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இருந்திருந்தால் இது சுலபமாக முடிந்திருக்கும், ஒரு சண்டை போட்டு, நாலு நாள் பேசாமல் இருந்து, பிறகு சரியாகியிருக்கும்.

பொறாமையா என்று கேட்பீர்கள். கட்டின பெண்டாட்டி மேல் யாராவது பொறாமைப்படுவார்களா. வயிற்றில் மட்டும் கொஞ்ச நாளாக ஒரு எரிச்சல் இருந்தது. அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்.

இடது கைக் கட்டைவிரல் வலிக்கிறது என்று ரேகா சொன்னாள். முன் கியரை மாற்றுகிற லீவர் முரண்டு பிடித்தது. சைக்கிள் கடை சிட்டிபாபு, "முன்னாடி சிங்கிள் போட்டுடுங்க அக்கா, முப்பத்திரண்டு பல்லு போதும், எந்த ஏத்தமும் ஏறும்," என்று சொல்லியிருக்கிறான். கடைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், நானே செய்கிறேன் என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆன்லைனில் நான்தான் வாங்கினேன். முப்பத்தாறு பல் வீல் வாங்கினேன்.

உங்களுக்கு இது புரிய வேண்டும். முன்னால் பல் கூடக் கூட, சமதரையில் வேகம் வரும், மேட்டில் உயிர் போகும். அவளுக்கே சந்தேகம் வந்து, "சிட்டிபாபு அண்ணன் முப்பத்திரண்டுன்னு சொல்லிச்சே மாமா?" என்று கேட்டாள். "கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். உன் காலுக்கு இதான் சரி," என்றேன். தலையாட்டினாள். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவள்.

இப்போது போல்ட்டுக்கு வருகிறேன். பழைய போல்ட்டுகள் வெளி வீலையும் நடு வீலையும் சேர்த்துப் பிடிக்கிற நீளம். ஒன்றை எடுத்துவிட்டால் அதே போல்ட் நீளமாகிவிடும். திருகத் திருக இறுகுகிற மாதிரியே கைக்குத் தெரியும், உள்ளே போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும், நடுவில் வீல் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். இதற்கென்று குட்டை போல்ட் தனியாக விற்கிறது. அதை வாங்க மறந்துவிட்டேன். மறந்தது நிஜமாகவே மறந்தது, மேடம். அது என் குற்றத்தில் சேராது.

எங்கள் நகரி வீடுகளில் போல்ட் நீளமாக இருந்தால் யாரும் கடைக்கு ஓட மாட்டார்கள். வாஷர் போட்டு இறுக்குவார்கள். தறியில் பாதி உறுப்பு வாஷரில்தான் நிற்கிறது. நான் ஊருக்குப் போய் நைனாவின் தறிப்பெட்டியைக் கிளறி நாலு வாஷர் எடுத்து வந்தேன். தடிமன் கொஞ்சம் கூடுதல். அரம் போட்டு, தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்துச் சரியாக்கினேன். ரேகா தரையில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் வாஷர்களை வைத்துக்கொண்டு, நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "இத்தினி உண்டு கீது, இதுதான் எல்லாத்தையும் புடிச்சிக்கினு இருக்குமா?" என்று கேட்டாள். ஆமாம், இது இல்லாவிட்டால் வீல் கழன்றுவிடும் என்று விளக்கினேன். வேலை முடிந்ததும் பெடலைத் தாங்குகிற கிராங்கைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். மலை மாதிரி நின்றது. அதைவிட நேர்த்தியாக எந்தக் கடையிலும் செய்திருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு கல்யாணி அணைக்குப் போகிற மேட்டில் ரேகா இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் மேலே நின்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கத் தயாராக இருந்தேன். "கால் போதல மாமா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை சைக்கிளை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று மாத்திரை போட மறந்துவிட்டேன், வயிறு எரியவே இல்லை.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச வாரம்தான். மற்றவர்கள் சின்ன வீலில் சுலபமாகக் காலைச் சுற்றிக்கொண்டிருக்க, இவள் நான் போட்ட பெரிய வீலோடு மல்லுக்கட்டினாள். குறை சொல்லவில்லை. வாரநாளில் விடிவதற்குள் எழுந்து தனியாக ஓட்டினாள். ஞாயிறு தவிர எங்கள் வீட்டில் முதலில் எழுகிறவன் நான்தான், அதுவும் போயிற்று. ஒரு நாள் அதே அணை மேட்டில், அதே வீலில், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் ஏறிப் போனாள். ஹரிபாபு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். முப்பத்தாறு பல்லில் இந்த ஏற்றம் ஏறுகிற ஆம்பளைகூட நம்ம குழுவில் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்த வீலைப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் காலில் ஏறிய பலம் என் கை வேலை, மேடம். நான் நியாயமாகத்தான் பேசுகிறேன்.

பிறகு பாக்கராப்பேட்டை கணவாயில் மலையேற்றப் போட்டி வைத்தார்கள். மதனப்பள்ளி, சித்தூர், பெங்களூரிலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள், நம்ம பக்கத்திலிருந்து ரேகா என்று முடிவானது. அதே சமயத்தில் என் மகள் யாமினியின் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. ஒன்பதாவது படிக்கிறாள். எனக்குப் பிடித்த மனிதர் என்று ஒவ்வொரு பிள்ளையும் பேச வேண்டும். பாதிப் பிள்ளைகள் சினிமாக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள். யாமினி அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மா எந்த மேட்டிலும் இறங்குவதில்லை என்றாள். என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "மா டாடி சைக்கிளு துடுஸ்தாரு," என்றாள். எங்கள் அப்பா சைக்கிளைத் துடைப்பார். அரங்கத்தில் செல்லமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் அந்தக் கையை அப்படியே விட்டுவைத்தேன்.

சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் சிரித்தால் எரிந்தது. அவள் தூங்கினால் அந்தக் கால்களைப் பார்த்து எரிந்தது.

போட்டிக்கு முந்தின வாரம் அவளும் யாமினியும் காளஹஸ்திக்குப் போனார்கள். எனக்கு நேரம் சரியில்லை, வயிற்று உபாதை தீரவில்லை என்று என் பெயருக்கு ராகு கேது பூஜை செய்யப் போனாள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். நல்ல வெயில். சைக்கிளைத் துடைக்கலாம் என்று எடுத்தேன். துடைத்தும் முடித்தேன். பிறகு நாலு போல்ட்டையும் கழற்றி, நாலு வாஷரையும் எடுத்துவிட்டு, போல்ட்டுகளைத் திரும்பவும் இறுக்கிவிட்டேன்.

நான் எதையும் உடைக்கவில்லை. எதையும் அறுக்கவில்லை. பிரேக்கில் கை வைக்கவே இல்லை, அதைச் செய்கிறவன் மனிதன் இல்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது வீல் சாய்ந்து செயின் கழன்றுவிடும், இறங்கித் தள்ளுவாள், நான் மேலே நின்று காத்திருப்பேன். அணை மேட்டில் நடந்த மாதிரி இன்னொரு தடவை, அவ்வளவுதான் என் எண்ணம். எழுந்து நின்று முழுப் பாரத்தையும் ஒரு பெடலில் போடுகிறபோது அந்தப் பாரத்தைத் தாங்கச் செயின் இல்லாமல் போனால் மனிதர் எந்தப் பக்கம் விழுவார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரியும். ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து என் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, ஒத்திகை பார்க்கப் போனோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கணவாய் தொடங்குவதற்கு முன்னால் உள்ள டீக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். "இன்னான்னு தெரியல மாமா, மிதிக்கச் சொல்லோ டக் டக்னு சத்தம் வந்துக்கினே கீது," என்றாள்.

நான் சொன்னேனே, என் காதைப் பற்றி. திருப்பதியை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். வாஷர்கள் என் சட்டைப் பையில் இருந்தன. போல்ட் திருகுகிற சாவியும் பையில் இருந்தது. டீ ஆறுவதற்குள் மாட்டியிருக்கலாம். குனிந்தேன், கிராங்கைப் பிடித்து மெதுவாக ஆட்டினேன். வீல் ஆடியது.

"பெடல் காஞ்சு போயிருக்குது. வூட்டுக்குப் போய் எண்ணெய் விட்டா சரியாப்பூடும். நீ ஏறு," என்றேன்.

"நீ பாத்துட்டன்னா சரி," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வளைவில் எழுந்து நின்று மிதித்தாள். செயின் கழன்றது. அவள் வலது பக்கம், நடு ரோட்டில் விழுந்தாள். மதனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த லாரி நின்றது, ஆனால் அவள் காலுக்கு மேலே நின்றது. லாரி என் எண்ணத்தில் இல்லை. அது தினமும் வருகிற ரோடு என்பது தெரியும், இருந்தாலும் என் எண்ணத்தில் இல்லை. டிரைவர் அப்பாவு இறங்கி ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் கீழே இருந்து மிதித்து வந்து சேர்ந்தேன். அவளை மேட்டில் நான் எட்டிப் பிடித்தது அன்று ஒரு நாள்தான்.

வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியே என்பதால் எல்லோரும் உதவினார்கள். அவளுக்கு ஒதுக்கிய வீல்சேரை நானே கொண்டுபோய்ப் பார்த்தேன். பேரிங் மாற்றினேன், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு தடவை இறுக்கினேன், சத்தமே இல்லாமல் ஓடும்படி செய்தேன். நான் கல்நெஞ்சக்காரன் என்றால் அப்படிச் செய்வேனா. இனிமேல் நான் தள்ளினால்தான் அவள் நகர்வாள், நானும் வேகமாகத் தள்ள மாட்டேன், பழையபடி இருவருக்கும் போதுமானதாக இருக்கும் என்று நினைத்தேன். கவலைக்கு நடுவிலும் மனதில் ஒரு அமைதி வந்தது. உங்களிடம் மறைப்பானேன்.

நேற்று நீங்கள் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள். அதில் என்ன சொன்னாள் என்று நர்சுகள்தான் எனக்குச் சொன்னார்கள். முந்தின நாள் தானே வீலைக் கழற்றித் துடைத்ததாகவும், வாஷர்களைத் திரும்பப் போட மறந்துவிட்டதாகவும், தப்பு முழுக்கத் தன்னுடையது, லாரிக்காரர் மேல் கேஸ் வேண்டாம் என்றும் சொன்னாளாம். ஒரு நர்ஸ் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுவின் மனைவி ரத்னம்மா வார்டுக்கு வந்து கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்று காலை ஜில்லா பேப்பரில் ரேகாவின் போட்டோ வந்திருக்கிறது. ஏழை டிரைவரைக் காப்பாற்றத் தன் தப்பை ஒப்புக்கொண்ட வீராங்கனை என்று போட்டிருக்கிறார்கள். ஹரிபாபு பேப்பரோடு வந்தார். கையால் சுற்றி ஓட்டுகிற சைக்கிள் இருக்கிறது அக்கா, குழு சார்பில் வரவழைக்கிறோம் என்றார். ரேகா படுத்தபடியே அவரைப் பார்த்து, "அதுல ஏத்தம் ஏறலாமா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. சந்திரகிரிக்கு முதல் தடவை போய் வந்த நாளில் இருந்த அதே முகம்.

எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகப் பேசினாள்.

"மாமா, அந்த வாஷர எங்க வெச்சிக்கினு கீற? எங்கனா தூக்கிப் போட்டுடு. யாமினிக்குத் தெரிய வேணாம்."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"காலைலேர்ந்து எதனா துன்னியா?" என்று கேட்டாள்.

ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை, மேடம். ஒரு வார்த்தை திட்டவில்லை. யாமினி கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்தால் இவள் நைசாகத் துடப்பத்தை எடுத்துக் கூட்டிவிடுவாளே, அதேபோல என்னையும் கூட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டாள். மன்னிப்பு கேட்கிற வாய்ப்பைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள். நான் கான்டீன் பக்கம் போகாமல் நேராக பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டேன்.

டிரைவருக்காகத்தான் வந்தேன். ஒரு பாவமும் அறியாத மனிதர், அவர் மேல் பழி விழக் கூடாது. அவர் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டார் என்று ரைட்டர் சொல்கிறார். நல்லது. அப்படியென்றால் உண்மைக்காக வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ரேகா சொன்னதில் ஒரு சொல்கூட நிஜமில்லை. அவள் தன் கையால் ஒரு போல்ட்டைத் திருகியவள் இல்லை. எந்தச் சாவி எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. இதோ அந்த நாலு வாஷர். கையில் எடுத்துப் பாருங்கள், அரம் போட்ட விளிம்பு எவ்வளவு சமமாக இருக்கிறது என்று. தறிக்காரன் வீட்டுக் கை இல்லாமல் இந்த வேலை வராது. இதைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் இதை எடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

கணவாய், கைதட்டல், பேப்பர் போட்டோ எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கொஞ்சமும் பொறாமை இல்லை. இந்த ஒன்றை மட்டும் அவள் பெயரிலிருந்து எடுத்துவிட்டு என் பெயரில் எழுதுங்கள், மேடம்.